சும்மா நின்றவர்

வக்கீலம்மா தோற்ற வழக்குகள் உண்டு. ஆனால் தோற்றுவிடுவோமோ என்ற நினைப்போடு கோர்ட் படி ஏறிய வழக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதற்குப் பெயர் திமிர் என்பது மாமியாரின் கட்சி. தன்னம்பிக்கை என்பது அவளுடைய கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் யாருக்கும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருப்பது அவள் கணவனின் வேலை. அதில் அவன் கெட்டிக்காரன்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வழக்கம்போலக் கட்சிக்காரர் யாரோ மாட்டிக்கொண்டார் என்றுதான் எடுத்தாள். மாட்டிக்கொண்டது மாமனார்.

மாமனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவோரம் ஒரு பூனை எட்டிப் பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிடுவார் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக் தாத்தா. சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் செய்தித்தாளைக் கேட்காமல் எடுத்துப் புரட்டியதில்லை. அந்த மனிதர் ஸ்டேஷன் பெஞ்சில், டாக்டர் கூப்பிடக் காத்திருக்கிறவர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் செஞ்சாரு?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"நின்னாரும்மா" என்றார் போலீஸ்காரர்.

"நின்னு?"

"நின்னாரு, அவ்வளவுதான். தெனமும் ஒரே எடத்துல நிக்கறாருன்னு புகார். ஏன் நிக்கறீங்கன்னு கேட்டேன். சும்மாதான்னு சொன்னாரு. சும்மா நிக்கக் கூடாதே, சட்டம் வந்துருச்சே."

வந்துதான் இருந்தது. ஊரில் வரிசையாகச் சில வீடுகளில் பூட்டு உடைந்ததும், நகரசபை பதறிப்போய் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் நிற்பதும் திரிவதும் குற்றம். காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நின்றவருடையது. பூட்டை உடைத்தவன் எவனும் இந்தச் சட்டத்தில் அகப்பட்டதாகத் தகவல் இல்லை. அகப்பட்டவர் பிரேக் தாத்தா.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதம், கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை வாங்கியிருந்தாலும் பள்ளி வேன் ஓட்டும் லைசென்ஸ் போய்விடும். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, அந்த விதியில் இரக்கத்துக்கு இடமில்லை. மாமனாருக்கு வேன் பிழைப்பு மட்டுமல்ல. லீவு நாளில்கூட ஷெட்டுக்குப் போய், பிள்ளைகள் சீட்டில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர்களைச் சுரண்டாமல் சுற்றிலும் துடைத்துவிட்டு வருகிறவர் அவர். லைசென்ஸை வாங்கிக்கொண்டால் அந்த மனிதர் இரண்டே மாதத்தில் ஒடுங்கிப்போய்விடுவார் என்று வக்கீலம்மாவுக்குத் தெரியும்.

வழக்கு முடியும்வரை அந்தத் தெருவில் நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது விசாரணை ஆரம்பமானது. இதில் நீதிபதியும் அரசு வக்கீலும் மாமியாராகிய அத்தை ஒருத்திதான்.

"அந்தத் தெருவுல யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்றார் மாமனார்.

"யாருமில்லாத தெருவுல என்ன வேல?"

"சும்மா நின்னேன்."

"நம்ம வாசல்ல நின்னா கால் வலிக்குதுன்னு சொல்ற மனுஷன், ஊர் வாசல்ல போயி சும்மா நின்னாராம். கேக்கறவ கேனச்சியா இருந்தா என்ன வேணா சொல்லலாம்!"

கணவன் மெதுவாக நுழைந்தான். "அப்பா, பஸ்ஸுக்கு நின்னேன்னு சொல்லிடுங்களேன். முடிஞ்சு போச்சு."

"அந்தத் தெருவுல பஸ்ஸே கெடையாதுடா."

"அப்ப, வாக்கிங்."

"நின்னேன்னுதானே புகாரு? நடந்தேன்னா சொல்லுது?"

கணவன் தன் பழைய இடத்துக்கே, நடுவுக்கே, திரும்பிப் போனான்.

அரசு வக்கீலும் இதையேதான் சொன்னார். பேச்சை இழுத்துக்கொண்டே போகிறவர் என்பதால் கோர்ட்டில் அவருக்கு ஜவ்வு என்று பெயர். ஆள் கெட்டவர் இல்லை. காரிடாரில் வக்கீலம்மாவை ஓரங்கட்டினார். "உங்க மாமனார் ஒரு காரணம், ஏதோ ஒரு காரணம், எழுதிக் குடுக்கட்டும் மேடம். காத்து வாங்க வந்தேன்னு எழுதினாக்கூடப் போதும். நானே வாபஸ் வாங்கறேன். எதுக்கு வயசான காலத்துல அவரைக் கூண்டுல ஏத்தறீங்க?"

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. பொய்யான காரணம் சொல்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரணம் சொல்லாதவனைத் தண்டிக்கிற சட்டம் என்ன சட்டம்? இதைக் கேட்டால் ஜவ்வு மதியம்வரை பதில் சொல்வார். பேசாமல் வந்துவிட்டாள்.

மறுநாள் காலை டிரிப் முடிந்ததும் ஷெட்டுக்குப் போய் வேனில் ஏறி உட்கார்ந்தாள். குழந்தைகளுக்கான சீட், முழங்கால் முகவாயை முட்டியது.

"மாமா, இப்ப நான் உங்க மருமக இல்ல, உங்க வக்கீல். எங்கிட்ட நீங்க என்ன சொன்னாலும் வெளிய போகாது. அத்தைக்குப் போகாது. உங்க புள்ளைக்கும் போகாது."

"அவன்கிட்டச் சொன்னா அவன் அம்மாகிட்டச் சொன்ன மாதிரிதான்" என்றார் அவர். வேன் கழுவும் வாளியைக் கீழே வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

வேன் டிரைவர்களில் இரண்டு ரகம். பிள்ளை இறங்கியதும் கிளம்பிவிடுகிறவர்கள் ஒரு ரகம். பிள்ளை வீட்டுக்குள் போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை கியரைத் தொடாதவர்கள் இன்னொரு ரகம். மாமனார் இரண்டாவது. சாத்துகிற கை பெரியவர்கள் கையாக இருக்கவேண்டும், அப்போதுதான் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. சாயங்கால டிரிப்பில் கடைசியாக இறங்குவது ஒரு சின்னப் பெண், நாலாவது படிக்கிறாள். கழுத்தில் கயிற்றில் சாவி தொங்கும். தானே திறந்து, தானே உள்ளே போய், தானே பூட்டிக்கொள்வாள். அம்மா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். வீட்டுக்கு வர இருட்டிவிடும்.

"நான் வண்டிய ஷெட்ல விட்டுட்டு நடந்து வந்து எதிர்ல நிப்பேன். பிள்ளையோட அம்மா வேலைலேர்ந்து வந்து லைட் போட்டதும் கெளம்பிடுவேன். அவ்வளவுதாம்மா."

வக்கீலம்மா குதித்த குதியில் தலை கூரையில் இடித்தது. "மாமா! இதை முதல்லயே சொல்லியிருந்தா ஸ்டேஷன்லயே காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பாங்களே! இதைவிடத் தக்க காரணம் எவன்கிட்ட இருக்கும்?"

"சொன்னா அதோட அம்மா கதி? பிள்ளை யார்கிட்ட வளரணும்னு புருஷனுக்கும் அவளுக்கும் கேஸ் நடக்குது. தனியா விட்டுட்டுப் போறாள்னு தெரிஞ்சா அன்னிக்கே பிள்ளையத் தூக்கிக் குடுத்துருவாங்க. அது அப்பன் வீட்டுக்குப் போறதுன்னாலே முந்தின நாளேர்ந்து சாப்பிடாது."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"வண்டில ஏறின பிள்ளைங்க வீட்டு விஷயம் எதையாவது மிச்சம் வெக்குமா?"

"சரி, நிக்கறதுதான் நின்னீங்க. குற்றப்பத்திரிகைல இருக்கற மாதிரி, தெருவோரக் கரண்டு பெட்டிக்குப் பின்னாடி திருடன் மாதிரி ஏன் ஒளிஞ்சு நின்னீங்க?"

"என்னைப் பாத்தா 'தாத்தா'ன்னு கதவத் தெறந்துட்டு ஓடி வந்துரும். தெரிஞ்ச ஆளா இருந்தாலும் தெறக்கக் கூடாதுன்னு அதோட அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லி வெச்சிருக்கா. அதை நானே கெடுக்கலாமா?"

 வக்கீலம்மா குற்றப்பத்திரிகையில் படித்ததை மனதில் வைத்துத் தயங்கிக்கொண்டே கேட்டாள். "புகார் குடுத்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியாம? பிள்ளையோட அம்மாதான். ஸ்டேஷன்ல வந்து என்னைக் கைகாட்டுச்சே. காலைல அதுவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வேலைக்குப் போயிரும், அதனால நான் வேன்காரன்னு அதுக்குத் தெரியாது, அன்னிக்கு நான் யூனிபாரத்துலயும் இல்ல. அது கோர்ட்டுக்கு வந்து என்ன சொன்னாலும், வீட்ல பிள்ளையோட யாரு இருப்பாங்கன்னு மட்டும் நீ கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

கட்சிக்காரர் தன் வக்கீலிடம் சத்தியம் வாங்குவது அந்தத் தொழிலில் கேள்விப்படாத சங்கதி. செய்து கொடுத்தாள். ஒரே கேள்வியில் ஜெயிக்கக்கூடிய வழக்கில், அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஜெயிக்கவேண்டும். பிள்ளை தனியாக இருப்பது அவளுக்கும் உறுத்தியது. அதற்கு ஏதாவது செய்தாகவேண்டும். ஆனால் அதற்கு வழி போலீஸும் கோர்ட்டும் இல்லை. அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்றால், திறக்கச் சொல்கிற சட்டத்தைத்தான் உடைக்கவேண்டும். இந்த முடிவுக்கு வந்ததும் அவளுக்குப் பசியெடுத்தது. சண்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு எப்போதும் பசிக்கும்.

"கோர்ட்ல நீங்க எதுவும் பேச வேண்டாம் மாமா. வாயைத் திறக்காம இருக்கறது உங்க உரிமை."

"அது வீட்டுலயே பழக்கம்தாம்மா" என்றார் அவர்.

வழக்கு நாளில் அத்தை இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்திருந்தாள். மாமனார் காலை டிரிப் முடித்து நேரே யூனிபாரத்திலேயே வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தின் பெயர் பாக்கெட்டுக்கு மேல் சிவப்பு நூலில் தைத்திருந்தது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் வந்தது கணவனுக்கு ஆதரவாக இல்லை. அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க.

மேலே மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வயதானவர் நிற்க வேண்டாம், கூண்டில் ஒரு நாற்காலி போடுங்கள் என்றார். வக்கீலம்மா பின்வரிசையை ஒரு நோட்டம் விட்டாள். குடும்ப கோர்ட் பக்கத்து ஹாலில்தான் நடக்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு ஆஜராகும் வக்கீல், தன் வழக்குக் கூப்பிடும்வரை ஃபேன் காற்றுக்காக இங்கே வந்து உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். பிள்ளை தனியாக இருக்கும் என்ற ஒரு சொல் அவர் காதில் விழுந்தாலே போதும்.

முதலில் போலீஸ்காரர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஜவ்வு நிதானமாக, மிக நிதானமாக, இடம் எது, வெளிச்சம் எவ்வளவு, எப்படி நின்றார் என்றெல்லாம் கேட்டு முடித்தார். வக்கீலம்மா எழுந்தாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் அந்தத் தெருவுல வேற யாரும் நிக்கலையா சார்?"

"நின்னாங்க மேடம். டை கட்டின ஒருத்தர் போன் பேசிட்டு நின்னாரு. ஒரு அம்மா நாயைக் கூட்டிட்டு வந்து நின்னாங்க. ஒரு பையனும் பொண்ணும் சைக்கிளைப் பிடிச்சுட்டு நின்னாங்க."

"அவங்ககிட்ட ஏன் நிக்கறீங்கன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

"அவங்களைப் பாத்தாலே காரணம் இருக்கற மாதிரி தெரிஞ்சுது."

"மூஞ்சியிலயா?"

ஹாலில் சிரிப்புக் கிளம்பியது. போலீஸ்காரர் நெளிந்தார். "அனுபவத்துல தெரியும் மேடம்."

"போன் பேசினா தக்க காரணமா?"

"ஆமா."

"நாய் இருந்தா?"

"ஆமா, நாய் நின்னா நாமளும் நிக்கணுமே."

"காதலிச்சா?"

"அது... வயசு மேடம்."

"அப்ப, மாமனாரு... மன்னிக்கணும், என் கட்சிக்காரர், ஒரு நாயைப் பிடிச்சுட்டு வந்து நின்னிருந்தா இன்னிக்கு நாம யாருமே இங்க இல்ல. சரியா?"

"அப்படித்தான் வரும்" என்று ஒப்புக்கொண்டார் அவர். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனிதர்.

"எது தக்க காரணம்னு சட்டத்துல எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. பாத்து முடிவு பண்ணுங்கன்னு ஆபீசர் சொன்னாரு."

"இன்னொரு ஆபீசர் இருந்தா?"

"அவரு வேற மாதிரி பாப்பாரு."

இதற்கு மேல் கேட்டால் பேராசை. வக்கீலம்மா உட்கார்ந்தாள்.

அடுத்து அந்தப் பெண் ஏறினாள். மெலிந்த உருவம்; வேலையிலிருந்து அனுமதி வாங்கி ஓடி வந்திருக்கிறாள் என்பது அவள் கடிகாரத்தைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. கூண்டிலிருந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பயமா இருந்துச்சு சார்" என்றாள் ஜவ்வின் கேள்விக்கு. "நான் வர்றப்பல்லாம் எதிர்ல கரண்டு பெட்டி மறைவுல ஒரு ஆள். வீட்ல பொம்பளப் பிள்ளை இருக்கு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

 அந்தப் பயத்தில் நடிப்பு இல்லை. வக்கீலம்மாவுக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் புகார்தான் கொடுத்திருப்பாள், கூடவே கையில் கிடைத்ததை எடுத்து வீசியும் இருப்பாள். பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்று ஜவ்வு கேட்டுவிடக் கூடாதே என்று மேசைக்கு அடியில் விரலைப் பின்னிக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. வழக்கமாக எல்லாவற்றையும் இழுக்கிறவர் இந்த ஒன்றை இழுக்காமல் விட்டது தெய்வாதீனம்.

இப்போது அவள் முறை. பத்திரமான கேள்விகளாகப் பொறுக்கி வைத்திருந்தாள்.

"அவர் உங்க வீட்டுக் கதவைத் தொட்டாராம்மா?"

"இல்ல."

"ரோட்டைத் தாண்டி உங்க பக்கம் வந்தாரா?"

"இல்ல."

"உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"இல்ல."

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஜெயிக்கிற ஜோரில் ஒரு கேள்வி கூடுதலாக வாயிலிருந்து விழுந்துவிட்டது. அமைதியாகப் போய்விடுவார் என்று பதில் வரும், அது பதிவாகட்டும் என்பதுதான் அவள் நினைப்பு.

"எப்ப போவாரு?"

"நான் வந்து கதவத் தெறந்து லைட் போட்டதும் போய்..."

அந்தப் பெண் பாதியில் நின்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. மெல்லத் திரும்பி, முதல் முறையாகக் கூண்டிலிருந்தவரை நேராகப் பார்த்தாள். யூனிபாரம். பாக்கெட்டுக்கு மேல் சிவப்பு நூலில் மகளின் பள்ளிக்கூடப் பெயர். மாமனார் அவளைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறந்தாள்.

"நீங்க... வேன்..."

"வேற கேள்வி இல்லைங்க ஐயா!" வக்கீலம்மா போட்ட சத்தத்தில் ஜவ்வு பேனாவைக் கீழே போட்டார். பின்வரிசை வக்கீல்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மறுபடி குனிந்துகொண்டார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். வாதம் சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அந்தப் பெண் வக்கீலம்மாவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அவருதானே வேன் தாத்தா? எம்பொண்ணு தெனமும் சொல்ற தாத்தா? நான் உள்ள போயி ஜட்ஜ்கிட்டச் சொல்லிடறேன். பிள்ளை தனியா இருக்கும், அதுக்குத்தான் நின்னாருன்னு சொல்லிடறேன். எனக்காக அவரு தண்டனை வாங்கக் கூடாது."

"சொல்லிட்டா உங்க கேஸ் என்னாகும்?"

அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் வக்கீலம்மா. "அவர் நின்னதுக்கு நீங்களும் காரணம் சொல்ல வேண்டாம், அவரும் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னா இவர் ஒருத்தர் தப்பிப்பாரு, சட்டம் அப்படியே இருக்கும். நாளைக்கு உங்க தெருவுல இன்னொருத்தரைப் பிடிப்பாங்க. காரணமே சொல்லாம அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், பாருங்க."

"தோத்துட்டீங்கன்னா?"

"தோக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் குழாயடியிலிருந்து ஹாலுக்குள் போகிற வழியில் முதன்முதலாக ஒரு பயம் காலைக் கட்டியது. பந்தயம் வைத்திருப்பது தன்னுடையது இல்லை; இன்னொருவரின் வேன், இன்னொருவரின் காலைப் பொழுது, இன்னொருவரின் சாயங்காலம். காப்பாற்றக்கூடிய ஒரு வாக்கியம் தன் கையில் இருக்க, அதைச் சொல்லாமல் சட்டப் புத்தகத்தை நம்பிப் போகிறாள். கணவன் வாசலில் நின்று "ஏதாவது சொல்லி முடிச்சுடேன்" என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அவன் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

ஜவ்வு நன்றாகவே வாதாடினார். "ஒரு தாய் பயந்தாங்க ஐயா. அந்தப் பயம் பொய்யில்ல. திருடன் பூட்டை உடைக்கற வரைக்கும் போலீஸ் கையைக் கட்டிட்டு நிக்கணுமா? உடைக்கறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி கேக்கத்தான் இந்தச் சட்டம். நல்லவன் பதில் சொல்லிட்டுப் போறான். அதுல என்ன கஷ்டம்?"

வக்கீலம்மா எழுந்தாள். "போலீஸ் கேக்கட்டுங்க ஐயா, தாராளமாக் கேக்கட்டும். பதில் வரலைன்னா தண்டனைன்னு சொல்றதுதான் தப்பு. குற்றம்னா ஒரு மனுஷன் ஒரு தப்பான காரியம் செஞ்சிருக்கணும். தப்பு செய்யற நெனப்போட செஞ்சிருக்கணும். அது தப்புன்னு அவனுக்கு முன்னாடியே தெரியற மாதிரி சட்டத்துல தெளிவா எழுதியிருக்கணும். அவ்வளவையும் நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். இந்தச் சட்டத்துல காரியம் இல்ல, நிக்கறது மட்டும்தான் இருக்கு. கெட்ட நெனப்பைப் பத்திப் பேச்சே இல்ல. எது தக்க காரணம்னு கேட்டா நாய் இருக்கணுங்கறாரு சாட்சி. நிரூபிக்கற பொறுப்பைத் தூக்கி நின்னவர் தலையிலயே வெச்சுட்டாங்க. நகரசபை என்ன சட்டம் வேணா போடலாம், ஆனா அரசமைப்பு போட்ட கோட்டைத் தாண்டிப் போட முடியாது. எல்லாரையும் குற்றவாளியாக்கி வெச்சுட்டு, யாரைப் பிடிக்கறதுங்கறதை ஒரு போலீஸ்காரர் அனுபவத்துக்கு விடறது அந்தக் கோட்டுக்கு ரொம்ப ரொம்ப அந்தப் பக்கம்."

நீதிபதி பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் சரிம்மா. உங்க கட்சிக்காரருக்கு உண்மையிலேயே ஒரு காரணம் இருந்து, அதை இப்பச் சொன்னாக்கூட நான் இந்த நிமிஷமே விட்டுடுவேன். சொல்றாரா?"

 முதல் வரிசையில் அத்தை முன்னால் குனிந்தாள். பின்னால் அந்தப் பெண் பாதி எழுந்துவிட்டாள்.

"காரணம் இருக்கா இல்லையான்னு நான் சொல்லப் போறதில்லைங்க ஐயா" என்றாள் வக்கீலம்மா. "அதைக் கேட்டுத் தண்டிக்கற அதிகாரமே இந்தச் சட்டத்துக்கு இல்லைன்னுதான் வந்திருக்கேன். இப்ப நான் காரணம் சொன்னா, அந்த அதிகாரம் இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.   நீதிபதி எழுந்து அறைக்குள் போனார். திரும்பி வர எவ்வளவு நேரமானதோ, மாமனார் அந்த நாற்காலியில் அசையவே இல்லை.

அரசமைப்புக்கு ஒத்துவராத விதியைச் செல்லாதென்று தள்ள அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தது. அடிக்கடி யாரும் அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். நீதிபதி வந்து உட்கார்ந்து நேரே விஷயத்துக்கு வந்தார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் நின்றார் என்பது நிரூபணமாகியிருக்கிறது. நிற்பது குற்றமல்ல. ஏன் நின்றாய் என்று அரசு கேட்கலாம். பதில் சொல்லவில்லை என்பதற்காக எவரையும் தண்டிக்க முடியாது. எது குற்றம் என்று படிக்கிறவருக்கே புரியாத ஒரு பிரிவை வைத்து ஒரு குடிமகனை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். இந்தப் பிரிவு செல்லாது. இவர் விடுதலை."

அத்தைதான் முதலில் கை தட்டினாள். டவாலி முறைத்ததும் அந்தக் கையாலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஜவ்வு வந்து கை கொடுத்தார். மேல்முறையீடு பற்றி யோசிப்பதாக நீளமாகச் சொன்னார், சொல்லும்போதே சிரித்தும் விட்டார்.

வெளியே வந்ததும் அத்தை மாமனாரைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"லைட் போட்டதும் போயிருவாருன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. உங்க மூஞ்சிக்கு வேற என்ன காரணம் இருந்துரப் போகுது? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? விசாரிச்சல்ல?"

"வாய் மட்டும் குறைச்சலில்ல." அத்தை திரும்பினாள். அந்தப் பெண் சற்றுத் தள்ளி, கிட்டே வரத் துணிச்சலில்லாமல் நின்றாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "இந்தா பாரும்மா. நாளைலேர்ந்து பிள்ளை எங்க வீட்ல எறங்கட்டும். எங்க வீட்டுக்காரரு, பள்ளிக்கூடத்துல உன் கையெழுத்து இல்லாம யார் வீட்லயும் எறக்க மாட்டாராம், போயி ஒரு கையெழுத்துப் போட்டுரு. நீ வேலை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போ. நான் வீட்ல சும்மாதான் கெடக்கேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.  மாமனாருக்கு எதிரில் வந்து நின்று, வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தாள்.

"போலீஸ்ல உங்களைக் கைகாட்டினது நான்தான்யா. திருடன்னு நெனச்சு... உங்களைப் போயி..."

"தெரியும்மா" என்றார் மாமனார். "அன்னிக்கு ராத்திரிதான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். வக்கீலம்மாவுக்கும் புரியவில்லை.

"எத்தனை நாளா நின்னேன், ஒருத்தர் கண்ணுலயும் படல. ஒரு ஆள் எதிர்ல மறைஞ்சு நிக்கறான், யாரும் கவனிக்கலையே, நான் நல்லவனா இருக்கப் போயி சரி, வேற எவனாவதா இருந்தா இந்தப் பிள்ளை கதி என்னன்னு அதுதான் எனக்கு பயம். கடைசியில நீதான் பாத்த. பாத்துட்டு பயந்து வீட்டுக்குள்ள உக்காராம, போயிப் புகாரும் குடுத்த. சரி, பிள்ளைக்கு ஆள் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்தப் பெண் அங்கேயே, கோர்ட் வராந்தாவில், நாலு பேர் பார்க்க அழுதாள். மாமனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வேன் சாவியைத் தேடினார். வக்கீலம்மா அவருக்கு முன்னால் போய்ப் படியோரக் கூட்டத்தை விலக்கி வழி விட்டாள்.